பத்து இருபதுக்கு அவர் உயிரோடு இருந்தார்

போன வாரம் என் அடையாள அட்டை தொலைந்துவிட்டது. பஸ்ஸில் விழுந்ததோ, சந்தையில் விழுந்ததோ... தெரியாது. புதிது எடுக்க வேண்டுமென்றால் பொலிஸில் முறைப்பாடு எழுதி, அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். போனேன்.

முன் மேசையில் இருந்த இளம் கான்ஸ்டபிள் நல்ல பிள்ளை. என் நரைத்த தலையைக் கண்டதும் எழும்பி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ ஐயா."

"இல்லைத் தம்பி, நிக்கிறன்."

"எழுத நேரம் எடுக்கும். இருங்கோவன்."

"எனக்கு இருக்கேலாது தம்பி."

"முழங்கால் வருத்தமோ?"

"ஓம்" என்றேன்.

பொய். என் முழங்கால்கள் இந்த வயதிலும் சாட்டிக் கடற்கரை வரை நடந்து போய்த் திரும்பி வரும். பொலிஸ் நிலையத்துக் கதிரையில்தான் என்னால் உட்கார முடியாது. முக்கால் மணித்தியாலம் நின்றபடியே விபரம் சொல்லி, நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எத்தனையோ வாரமாக உங்களோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ் கண்டக்டர்களைப் பற்றி எழுதினேன். கூப்பன் கடைக் கியூவைப் பற்றி எழுதினேன். என் மனைவியின் மீன்குழம்பைப் பற்றி எழுதி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதை மட்டும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? வாசித்து முடித்ததும் உங்களுக்கே விளங்கும்.

பதினேழு, பதினெட்டு வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது நான் தீவுப் பகுதியில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். கல்யாணமாகி இரண்டு வருஷம். சொத்து என்று சொல்ல ஒரு பழைய றலி சைக்கிள்.

எங்கள் ஊரில் கந்தவனம் என்று ஒருவர் இருந்தார். துலா மிதிப்பவர். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் – கிணற்றின் மேலே கிடக்கும் நீண்ட துலாமரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் தண்ணீரை மொண்டு புகையிலைக் கன்றுகளுக்கு விடுவார். கந்தவனம் மேலே நடப்பவர். வெயில், காற்று எதையும் சட்டை செய்யமாட்டார். ரோட்டில் நான் சைக்கிளில் போனால் அந்த உயரத்திலிருந்தே கூப்பிடுவார்.

"மாஸ்டர்! மழை வருமோ? பேப்பரில என்ன போட்டிருக்கு?"

"வராதாம்."

"அப்ப எனக்கு வேலை இருக்கு!"

பிறகு பம்ப் வந்தது. ஊரின் பெரிய தோட்டக்காரர் ஒருவர் கொழும்பிலிருந்து தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்றை இறக்கினார். ஒரு மிசின் நாலு பேரின் வேலையைச் செய்தது. அந்த நாலு பேரில் ஒருவர் கந்தவனம். அதற்குப் பிறகு அவர் கூலிக்கு வேலி அடைத்தார், ஓலை வெட்டினார், கிடைத்ததைச் செய்தார். மனைவி நாகம்மா பாய் இழைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பம்ப் காணாமல் போனது.

யார் எடுத்திருப்பார்கள்? பம்ப் வந்ததால் வேலை போனவன்தான் எடுத்திருப்பான்! தோட்டக்காரர் அப்படித்தான் முறைப்பாடு கொடுத்தார். அன்று பின்னேரமே பொலிஸ் ஜீப் வந்து கந்தவனத்தை ஏற்றிக்கொண்டு போனது.

இது எனக்குத் தெரியாது. ஏனென்றால் அதே நாள் என் சைக்கிளும் காணாமல் போயிருந்தது. என் கவலை எனக்கு. சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்லப் போவதில்லை. அங்கிருந்த சார்ஜன்டின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

சார்ஜன்டை எனக்கு முன்பே தெரியும். எங்கள் ஆள்தான், தமிழர்தான். நெற்றியில் எப்போதும் விபூதி. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வந்து பரிசு கொடுப்பார். படிப்பித்தவர்கள் என்றால் தனி மரியாதை. என்னைக் கண்டதும் அவரே கதிரை எடுத்துப் போட்டார்.

"மாஸ்டர், இருங்கோ. என்ன, சைக்கிளோ? எழுதுவம்."

இருந்தேன்.

எதிரே ஒரு இளம் கான்ஸ்டபிள், பெரிய முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுத ஆயத்தமானார். சார்ஜன்ட் பின்னால் போனார். பின் அறையின் கதவு பாதி திறந்திருந்தது.

அந்தப் பாதிக் கதவுக்குள்ளால் கந்தவனத்தைக் கண்டேன்.

மேலில் சேட் இல்லை. நிலத்தில் இருந்தார். இரண்டு கைகளையும் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைக் கண்டார்.

"மாஸ்டர்..."

நான் கதிரையிலேயே இருந்தேன்.

"மாஸ்டர், கொஞ்சம் தண்ணி தரச் சொல்லுங்கோ."

சார்ஜன்ட் துவாயில் கைகளைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்டுமில்லை மாஸ்டர். பம்ப் கள்ளன். நீங்கள் உங்கட சைக்கிளைச் சொல்லுங்கோ."

காலாலே கதவைச் சாத்தினார்.

நான் என்ன செய்தேன்? சைக்கிளைச் சொன்னேன்.

"நிறம்?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

"கறுப்பு."

உள்ளே ஒரு சத்தம். ஈரச் சாக்கைத் தூக்கிச் சீமெந்தில் போட்டது போல.

"மணி இருக்கோ?"

"இருக்கு. வலப் பக்கம்."

மறுபடியும் அந்தச் சத்தம். கான்ஸ்டபிளின் பேனை ஒரு கணம் நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு எழுதினார்.

"வேற அடையாளம்?"

"கரியர் முறிஞ்சு கம்பியால கட்டியிருக்கு. பின் மட்காட்டில வெள்ளைப் பெயின்ற் அடிச்சிருக்கு."

எவ்வளவு ஒழுங்காகச் சொன்னேன் பாருங்கள்! ஒரு விபரம் விடவில்லை. உள்ளே ஒரு மனிதரை அடித்துக்கொண்டிருக்கிறார்கள், வெளியே நான் மட்காட்டின் பெயின்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கான்ஸ்டபிள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, புத்தகத்தில் நேரம் எழுதினார். பத்து இருபது. முறைப்பாட்டு இலக்கத்தையும் அதே நேரத்தையும் ஒரு சிறு துண்டில் எழுதி என்னிடம் தந்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கேற்றுக்கு வெளியே பூவரச மரத்தின் கீழே ஒரு பெண் நின்றதைக் கண்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கந்தவனத்தின் உடல் மண்கும்பான் கடற்கரையில் ஒதுங்கியது.

பொலிஸார் சொன்ன கதை சுருக்கமானது. சந்தேகத்தில் பிடித்தோம், விசாரித்தோம், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே விட்டுவிட்டோம். வெட்கத்தில் கடலில் விழுந்திருப்பான். பரிசோதித்த டாக்டரோ வேறு விதமாக எழுதினார் – நுரையீரலில் தண்ணீர் இல்லை. விலா எலும்பு நாலு முறிந்திருக்கிறது. மண்ணீரல் கிழிந்திருக்கிறது. உயிர் போன பிறகுதான் உடல் கடலுக்குப் போயிருக்கிறது.

பொலிஸார் அதற்கும் அசையவில்லை. ஏழு மணிக்கு வெளியே போனவனைப் பிறகு யார் அடித்தார்களோ, எங்களுக்கென்ன தெரியும்? மரண விசாரணையில் அப்படியே பதிந்தார்கள். இனந்தெரியாதோரால் ஏற்பட்ட காயங்கள்.

ஆக, முழு வழக்கும் ஒரேயொரு கேள்வியில் வந்து நின்றது. கந்தவனம் ஏழு மணிக்குப் பிறகும் பொலிஸ் நிலையத்தில் இருந்தாரா, இல்லையா?

அதற்குப் பதில் தெரிந்த, பொலிஸ் உடுப்புப் போடாத ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் திங்கட்கிழமை வகுப்பில் பின்னக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாகம்மா எங்கள் வீட்டுப் படலையடிக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். அழுது முடித்த முகம். குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"மாஸ்டர், சனிக்கிழமை நீங்கள் பொலிசுக்கு வந்தனீங்கள்."

"ஓம்... சைக்கிள் விஷயமா."

"நான் இரவே நடந்து போய், விடியத் துவக்கம் கேற்றடியில நிண்டனான். உள்ளுக்கு விடேல்லை. அவர் வெளியில வரவேயில்லை மாஸ்டர். நான் சொன்னால் பெண்சாதி பொய் சொல்லுறாள் எண்டு சொல்லுகினம். நீங்கள் உள்ளுக்குப் போனதைக் கண்டனான். அவரைக் கண்டனீங்களோ?"

என் மனைவி ராசம் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன். "நான் காணேல்லை."

நாகம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "சரி மாஸ்டர்" என்றார். படலையை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. பம்ப் திரும்பி வந்தது! தோட்டக்காரரின் மகன் ரிப்பேருக்கு என்று யாழ்ப்பாண டவுனுக்குக் கொண்டுபோயிருந்தாராம். தகப்பனுக்குச் சொல்ல மறந்துவிட்டாராம். மறந்துவிட்டார்... அவ்வளவுதான். மிசின் பழையபடி தண்ணீர் இறைத்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீட்டு முற்றத்தில் சார்ஜன்ட் நின்றார். பக்கத்தில் ஒரு சைக்கிள்.

"மாஸ்டர், உங்கட சைக்கிள் கிடைச்சிட்டுது!" என்றார் சந்தோஷமாக.

பார்த்தேன். புத்தம் புதுசு என்று சொல்ல முடியாவிட்டாலும் நல்ல சைக்கிள். டைனமோ லைட் பூட்டியது. கரியர் முறியவில்லை. மட்காட்டில் வெள்ளைப் பெயின்ற் இல்லை.

"முறைப்பாட்டை இனி வெட்டிவிடலாம். சனிக்கிழமை தந்த துண்டைத் தாருங்கோ, நான் கொண்டுபோறன்" என்றார்.

நான் வாய் திறக்க முதல் ராசம் சொன்னார்.

"இது எங்கட சைக்கிள் இல்லையே!"

சார்ஜன்ட் சிரித்தார். அன்பான சிரிப்பு.

"அக்கா, பொலிஸ் உங்கட எண்டு சொன்னால் உங்கடதான்."

துண்டை எங்கோ வைத்துவிட்டேன், தேடி எடுத்துத் தருகிறேன் என்றேன். நாளைக்கு வருகிறேன் என்றார். போகும்போது சைக்கிளின் சீற்றை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ராசம் சைக்கிளைச் சுற்றி வந்தார். குனிந்தார். சீற்றுக்குக் கீழே ஆணியால் கீறிய இரண்டு எழுத்து. யாருடைய பெயரின் முதலெழுத்துகளோ.

"ஆரோ ஒரு மனிசன் இதைத் தேடிக்கொண்டு நடந்து திரியிறான்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீங்கள் அங்க என்னத்தைக் கண்டனீங்கள்?"

சொன்னேன். முதன்முறையாக ஒரு ஆளுக்குச் சொன்னேன். ராசம் என்னை ஏசவில்லை, புத்தி சொல்லவுமில்லை. அலுமாரியைத் திறந்து, துண்டை எடுத்து என் சேட் பொக்கற்றில் வைத்தார்.

"நாளைக்கு அந்த ஆள் வாறதுக்கு முதல் நாகம்மாவிட்டைப் போங்கோ" என்றார்.

உடனே போனேன். நாகம்மா முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நாகம்மா, நான் அண்டைக்குச் சொன்னது பொய். கண்டனான்."

ஓலை நின்றது.

"கதைச்சவரோ?"

"தண்ணி கேட்டவர்."

"குடுத்தவையோ?"

"நான் இருக்குமட்டும் குடுக்கேல்லை."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

வாசகர்களே, என் வாழ்க்கையில் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். அதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்றை நான் சந்தித்ததில்லை.

"சைக்கிளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தனான்" என்றேன்.

அவர் அழவில்லை. திட்டவுமில்லை. கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்து, "இதைக் கோட்டில சொல்லுவியளோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் நானும் ராசமும் நாகம்மாவுமாக மூன்று பேரும் யாழ்ப்பாணம் போனோம். சைக்கிளையும் பஸ்ஸுக்கு மேலே ஏற்றினோம். டவுனில் ஒரு வயதான சட்டத்தரணி, அப்போது புரொக்டர் என்று சொல்வோம். துண்டை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து இரண்டு முறை வாசித்தார். "மாஸ்டர், இதைத் துலைச்சியளோ, வழக்கும் துலைஞ்சுது" என்றார். என் வாக்குமூலத்தைச் சத்தியக் கடதாசியாக எழுதி, துண்டையும் சைக்கிளையும் நீதவானிடம் அன்றைக்கே ஒப்படைத்தார்.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. கோட்டுக் காரியங்கள் அப்படித்தானே. பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டுப் புத்தகத்தை மேலதிகாரிகள் எடுத்துப் பார்த்தார்கள். சனிக்கிழமைப் பக்கம் கிழிக்கப்பட்டு, வேறு பக்கம் ஒட்டப்பட்டிருந்தது. புதுப் பக்கத்தில் ஏழு மணிக்குக் கந்தவனம் விடுதலை. என் சைக்கிள் முறைப்பாடு ஆறு ஐம்பதுக்கு. எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் வெளிக்கிடுவதே ஏழு மணிக்கு! என் கையில் இருந்த துண்டிலோ, அதே கான்ஸ்டபிளின் கையெழுத்தில், பத்து இருபது.

அந்த இரண்டெழுத்துச் சைக்கிளின் சொந்தக்காரரும் கிடைத்தார். காரைநகர்க்காரர். சைக்கிளைக் களவு கொடுத்த அவருடைய வழக்கில் சான்றுப் பொருளாகப் பொலிஸ் நிலையத்தில் நின்ற சைக்கிள் அது. ஆறு மாதமாகத் திருப்பிக் கேட்டு நடந்திருக்கிறார் மனிதர்.

இந்தக் காலத்தில் எனக்கு என்ன நடந்தது? அடிக்கவில்லை. பொலிஸ் ஜீப் ஒன்று பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும். ஒருவரும் இறங்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். பெற்றோர் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடாமல் மறித்தார்கள். என்னோடு தேத்தண்ணீர் குடித்தவர்கள் ரோட்டின் மற்றப் பக்கத்தால் போனார்கள். ஒரு நாள் நெடுந்தீவுக்கு மாற்றம் என்று கடிதம் வந்தது. காரணம் எழுதப்படவில்லை. போனேன். மாரி காலத்தில் அந்தக் கடலில் வள்ளத்தில் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அது என்ன வகையான கடிதம் என்று.

இரண்டு வருஷம் கழித்துப் பெரிய கோட்டில் வழக்கு. ஜூரிகள் ஏழு பேர். ஒரு சார்ஜன்ட் கூண்டில் நிற்பதைப் பார்ப்பதற்கென்றே தீவுகளிலிருந்து ஆட்கள் லொறி பிடித்து வந்தார்கள். முதலாம் எதிரி சார்ஜன்ட். இரண்டாம் எதிரி, புத்தகத்தில் பொய்ப் பக்கம் எழுதிய அந்த இளம் கான்ஸ்டபிள். உடுப்பு இல்லாமல் வெள்ளைச் சேட்டோடு நின்ற சார்ஜன்ட் சின்ன மனிதராகத் தெரிந்தார். அடிக்கடி இடுப்பைத் தடவிக்கொண்டார், பெல்ற்றைத் தேடுவது போல.

எதிரித் தரப்புக்காக வாதாடிய அப்புக்காத்து பெயர் பெற்றவர். அவர் இங்கிலீஷில் கேட்க, கோட்டு முதலியார் தமிழில் சொல்ல, நான் பதில் சொன்னேன்.

"இறந்தவருடைய மனைவியிடம் நீர் அவரைக் காணவில்லை என்று சொன்னீரா?"

"ஓம்."

"அது பொய்யா?"

"பொய்."

"அன்று பொய் சொன்னவர் இன்று உண்மை சொல்கிறார் என்று ஜூரிகள் ஏன் நம்ப வேண்டும்?"

"அண்டைக்குப் பயத்தில சொன்னனான். இண்டைக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனால் சொல்லுறன்."

நீதிபதி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரும் ஒரு கேள்வி கேட்டார். ஒரு மனிதர் உம்மிடம் தண்ணீர் கேட்கிறார். அவரை அடிக்கும் சத்தம் கேட்கிறது. நீர் ஏன் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை?

என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னேன்.

"எனக்குக் கதிரை தந்திருந்தவை, ஐயா."

முதலியார் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்தார்.

ஜூரிகள் ஒன்றரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்கள். கொலை என்று சொல்லவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்றார்கள். சார்ஜன்டுக்கு ஏழு வருஷம் கடூழியச் சிறை. கான்ஸ்டபிளுக்குப் பொய்ச் சான்று உண்டாக்கியதற்கு ஒன்றரை வருஷம். கான்ஸ்டபிள் சிறுபிள்ளை போல விம்மினார். பொய்ப் பக்கத்தை எழுதியதும் அவர்தான், என் துண்டில் சரியான நேரத்தை எழுதியதும் அவர்தான். இரண்டையும் யாரோ சொன்னபடியோ, பழக்கத்திலோ செய்தார்.

சார்ஜன்டின் மனைவி ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக் கரியரோடு வந்து பின் வாங்கில் இருப்பார். தீர்ப்பு வாசித்தபோது கரியர் கையிலிருந்து விழுந்து, சோறு நிலமெல்லாம் கொட்டியது. நாகம்மா எழும்பிப் போய், குனிந்து, கரியரின் மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

நிலையத்துக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர்? கேட்பீர்கள் என்று தெரியும். அவர் அந்தச் சனிக்கிழமை லீவு என்று கடதாசியில் இருந்தது. அவருடைய ஜீப் நிலையத்துக்குப் பின்னால் நின்றது என்று நாகம்மா சொன்னார். ஜீப்பைக் கண்டேன், ஆளைக் காணவில்லை என்று நானும் சொன்னேன். காணாததைக் கண்டதாகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு பொய்யே போதுமென்றிருந்தது. அவர் மேல் வழக்கு வரவில்லை. பிறகு பெரிய பதவிக்குப் போய், பென்ஷன் எடுத்து, இப்போது நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. அடி விழுந்த இடத்திலிருந்து மேலே போகப் போகக் கைகள் எப்படிச் சுத்தமாகிவிடுகின்றன, கவனித்திருக்கிறீர்களா?

சட்டம் தன் கடமையைச் செய்தது என்று பேப்பரில் போட்டார்கள். செய்ததுதான். ஆனால் அது செய்வதற்கு என்னென்ன வேண்டியிருந்தது பாருங்கள்! அதே நாளில் என் சைக்கிள் களவு போக வேண்டியிருந்தது. ஒரு இளம் கான்ஸ்டபிள் பழக்கதோஷத்தில் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் எழுத வேண்டியிருந்தது. ஒரு டாக்டர் பயப்படாமல் எழுத வேண்டியிருந்தது. என் மனைவிக்கு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கத் தெரியாமல் இருக்க வேண்டியிருந்தது. இதில் ஒன்று குறைந்திருந்தால்? கந்தவனம் வெட்கத்தில் கடலில் விழுந்த பம்ப் கள்ளன். அவ்வளவுதான். சைக்கிள் தொலையாத சனிக்கிழமைகளில் எத்தனை பேர் அப்படிக் கடலில் விழுந்தார்களோ... அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சாப்பாடு இறங்காது.

தீர்ப்பன்று கோட்டு வாசலில் ஆட்கள் நாகம்மாவைச் சுற்றிக்கொண்டார்கள். "வெண்டிட்டீர் நாகம்மா!" என்று யாரோ கத்தினார். நாகம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, "நான் எதை வெண்டனான், அண்ணை?" என்று கேட்டார். பஸ் வந்தது. ஏறினார். மற்ற நாள் பாய் இழைத்துக்கொண்டிருந்தார்.

அதோடு இந்தக் கதை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த வருஷம் பக்கத்து ஊரில் ஒரு பெடியனை ஆடு களவு என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுடைய தாய்க்கு யாரிடம் போவதென்று தெரியவில்லை. ஊர் அதிகாரியான விதானையாரிடம் போகவில்லை, புரொக்டரிடம் போகவில்லை. ஓடிப்போய் நாகம்மாவின் கையைப் பிடித்தாள். "எணை, நீ ஒருக்கா என்னோட வா!"

நாகம்மா சுருட்டிய பாய் ஒன்றைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். பொலிஸ் நிலைய விறாந்தையில் பாயை விரித்தார். உட்கார்ந்தார். புதிதாக வந்திருந்த பொறுப்பதிகாரி வெளியே வந்து கேட்டாராம்.

"என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம். இருக்கிறன்."

"ஆர் நீ?"

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் அவருடைய காதில் ஏதோ சொன்னார். பொறுப்பதிகாரி திரும்பி உள்ளே போனார். பின்னேரம் பெடியன் வெளியே வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆட்டை அவன்தான் எடுத்தானா, இல்லையா – அது பிறகு கோட்டில் தீர்ந்த விஷயம். அங்கே போய்ச் சேருகிற வரைக்கும் உயிரோடு இருந்தான் என்பதுதான் விஷயம்.

அன்றிலிருந்து இப்படித்தான். யாரையாவது ஜீப்பில் ஏற்றினால் போதும், வீட்டார் முதலில் ஓடுவது நாகம்மாவிடம். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சட்டம் தெரியாது. ஒருவரோடும் வாதாடமாட்டார், கெஞ்சமாட்டார். பாயை விரித்து இருப்பார். வெற்றிலை போடுவார். உள்ளே போனவர் நடந்து வெளியே வரும்வரை, அல்லது கோட்டுக்குக் கொண்டுபோகும்வரை எழும்பமாட்டார். ஒரு தரம் இரண்டு பகல், ஒரு இரவு இருந்தார்.

"ஏன் நாகம்மா இன்னும் இப்படி அலையிறீர்?" என்று போன மாதம் கேட்டேன்.

"சாட்சிக்கு ஒருத்தரும் இல்லாமல் போகக் கூடாது, மாஸ்டர்" என்றார். என்னைக் குத்திக்காட்டவில்லை. அப்படிப்பட்டவர் அல்ல. ஆனாலும் எனக்குக் குத்தியது.

அந்த வழக்குக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பொலிஸ் திருந்திவிட்டதா என்று கேட்டுக் கடிதம் எழுதாதீர்கள். திருந்தவில்லை – கை ஓங்குவதற்கு முன்னால் ஒரு தரம் விறாந்தையை எட்டிப் பார்க்கப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.